இளையோர் இசை விழாக்களில் ஜாஸின் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் இளம் இசைக்கலைஞர்களுக்காகக் கோடைதோறும் நடக்கும் இசை விழாக்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இந்தப் பொருளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் குறைவு. அந்த வகையில் கட்டுரையாளர் பாராட்டுக்குரியவர். ஆனால் இவ்விழாக்களில் கற்றுக்கொள்ளத் தக்கது மேற்கத்தியச் செவ்வியல் இசை மட்டுமே என்றும், கறுப்பின அமெரிக்கர்களிடம் தோன்றிய, கற்பனையால் அப்போதைக்கப்போது விரித்து வாசிக்கும் ஜாஸ் என்பது கூட்டம் சேர்ப்பதற்காக அண்மைக் காலத்தில் ஒட்டவைக்கப்பட்ட பகுதி என்றும், பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது என்றும் கட்டுரையின் பிற்பகுதியில் எழுதப்பட்டிருந்ததை என்னால் ஏற்க இயலவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நெடுங்காலமாக வசித்து வருபவன் நான். அம்மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள பெர்க்‌ஷயர் மலைப்பகுதியில் கோடைக்கால நிகழ்ச்சிகளைக் கேட்டு வருபவன் என்ற முறையில், அந்த ஒரே வட்டாரத்தின் வரலாற்றைக் கொண்டே என் மறுப்பைச் சொல்ல விரும்புகிறேன்.

பாஸ்டன் நகரிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் மேற்கே, லெனாக்ஸ், ஸ்டாக்பிரிட்ஜ் என்ற இரு சிற்றூர்களின் எல்லையில் இருக்கிறது டாங்கில்வுட் என்ற இசை விழா வளாகம். அந்த வட்டாரத்தில் 1934இல் தொடங்கிய கோடை விழாவுக்கு 1936இல் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு வந்து சேர்ந்தது. அதன் பிறகு ஒரு குடும்பத்தார் தங்களுடைய பண்ணை நிலத்தைக் கொடையாக அளிக்க, 1937 முதல் அதுவே இசைக்குழுவின் கோடை வீடாயிற்று. அந்த ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று, பெரிய கூடாரத்துக்குள் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் இசை நிகழ்ந்துகொண்டிருந்தபோது இடியும் மழையும் கொட்டித் தீர்த்ததில் நிகழ்ச்சி இடையிலேயே நின்றது. நிரந்தரக் கூரைக்கான நிதியை விழாக் குழுவினர் அன்று மாலையே, நனைந்தபடி அமர்ந்திருந்தவர்களிடம் திரட்டத் தொடங்கினார்கள். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் எலியல் சாரினன் கொடுத்த வரைபடம் கையிலிருந்த பணத்துக்கு அடங்கவில்லை. ஸ்டாக்பிரிட்ஜைச் சேர்ந்த ஜோசப் ஃபிரான்ஸ் என்ற பொறியாளர் அதை எளிமையாக்கி, மூன்று பக்கமும் திறந்த, ஐயாயிரம் பேர் அமரக்கூடிய ஒரு மாபெரும் கொட்டகையாகக் கட்டி முடித்தார். 1938 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. இன்றும் அதே கூரையின் கீழ்தான் கச்சேரிகள் நடக்கின்றன.

இவ்வளவு தூரம் கூரையைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. விழா நிலைத்த பிறகே பள்ளி வந்தது. அப்போது இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்த செர்கே குஸெவிட்ஸ்கி, ரஷ்யாவில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்து, உதவித்தொகை கிடைத்த வாத்தியம் என்பதற்காகவே டபுள் பாஸ் என்ற பெரிய தந்திக்கருவியைப் பயின்று மேலே வந்தவர். இசை கேட்க வருகிறவர்களுக்கு மட்டும் விழா நடத்தினால் போதாது, இசைக்க வருகிறவர்களுக்கும் அது கல்விச்சாலையாக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பியதன் விளைவாக, 1940 ஜூலையில் பெர்க்‌ஷயர் இசை மையம் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் டாங்கில்வுட் இசை மையம். முதல் ஆண்டின் ஆசிரியர்களில் இசையமைப்பாளர்கள் ஆரன் கோப்லண்டும் பால் ஹிண்டமித்தும் இருந்தார்கள். முதல் ஆண்டின் மாணவர்களில் 21 வயது லியனார்ட் பெர்ன்ஸ்டைனும் 17 வயது லூக்கஸ் ஃபாஸும் இருந்தார்கள். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் புகழ்பெற்ற ஓபெரா (இசை நாடகம்) ஒன்று 1946இல் அமெரிக்காவில் முதன்முறையாக மேடையேறியபோது, அதைப் பாடியும் இசைத்தும் நிறைவேற்றியவர்கள் பெரும்பாலும் இந்த மையத்தின் மாணவர்கள். நடத்தியவர் அதே பெர்ன்ஸ்டைன். மும்பையிலிருந்து கிளம்பி வியன்னாவில் பயின்ற 22 வயது நடத்துநர் ஸுபின் மேத்தா 1958 கோடையில் இங்கே மாணவராக வந்தார்; பிற்காலத்தில் மிலானிலும் பெர்லினிலும் நடத்துநராகக் கோலோச்சிய கிளாடியோ அப்பாடோவும் அதே கோடையில் வந்தவர்தான்.

இங்கே கற்பது எப்படி நடக்கிறது என்பதைக் கட்டுரையாளர் விட்டுவிட்டதால் அதையும் சற்றே சொல்கிறேன். மேடைக் கச்சேரியைவிட ஒத்திகையைப் பார்த்தால்தான் இது விளங்கும். ஒரு காலை நேர ஒத்திகையில், ஒரே இசைத்தொடரின் இரண்டு அடிகளை நடத்துநர், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிப்பவர்களை மட்டும் வைத்து மீண்டும் மீண்டும் வாசிக்கச் சொன்னார். சரியாக வரவில்லை என்பதற்காக அல்ல. வில்லை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா என்பதை அவர் மாற்ற விரும்பினார். முன்வரிசையில் இருந்தவர் ஒரு முறை வாசித்துக் காட்டினார். இரண்டு பேருக்கு ஓர் இசைத்தாள் தாங்கி. அதில் உள்பக்கம் அமர்ந்திருப்பவர்தான் தாளைப் புரட்ட வேண்டும், திருத்தத்தையும் அவரே குறிக்க வேண்டும். எல்லாத் தாங்கிகளிலும் காதிலிருந்தோ தாளின் மடிப்பிலிருந்தோ பென்சில்கள் வெளிவந்தன. வரிசை வரிசையாக அந்தச் சிறு குறி பின்னால் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் முன்வரிசையின் தோளை எட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு எழுதினாள். அடுத்த முறை வாசித்தபோது அத்தனை வில்லும் ஒரே பக்கம் போயின, ஒலியின் எடையே மாறியிருந்தது. தனியாக வீட்டில் எவ்வளவு சாதகம் செய்தாலும் இது வராது. தன் ஒலி தனியாகக் கேட்காதபடி வாசிப்பதையும், அதே சமயம் தான் இல்லாவிட்டால் குறை தெரியும்படி வாசிப்பதையும் இத்தகைய இடத்தில் மட்டுமே பழக முடியும். ஆகவே செவ்வியல் பயிற்சியின் பெருமையைப் பற்றி எனக்கும் கட்டுரையாளருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு அடுத்ததில்தான். டாங்கில்வுட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில், வீட்லி என்ற பழைய மாளிகையைச் சேர்ந்த குதிரை லாயங்களையும் கொட்டில்களையும் வாங்கி, ஃபிலிப் பார்பர், ஸ்டெஃபனி பார்பர் என்ற தம்பதியர் 1950இல் மியூசிக் இன் என்ற விடுதியை ஆரம்பித்தார்கள். நாட்டார் இசையையும் ஜாஸையும் பற்றி அறிஞர்களும் கலைஞர்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேசும் கூட்டங்கள் அங்கே நடந்தன. ஆங்கிலப் பேராசிரியராக இருந்துகொண்டே ஜாஸ் வரலாற்றை ஆராய்ந்த மார்ஷல் ஸ்டெர்ன்ஸ் அவற்றை வழிநடத்தினார். இந்தப் பேச்சுகளின் தொடர்ச்சியாக 1957 ஆகஸ்டில் அங்கே ஒரு பள்ளி பிறந்தது. லெனாக்ஸ் ஜாஸ் பள்ளி என்று அதைக் குறிப்பிடுவார்கள். ஆண்டுக்கு மூன்று வாரம். அதன் இயக்குநர் மாடர்ன் ஜாஸ் குவார்டெட் குழுவின் பியானோ கலைஞர் ஜான் லூயிஸ். அவர் கோட்டும் டையுமாக மேடையேறி, செவ்வியல் மேதை பாக்கின் ஃபியூக் வடிவத்தையும் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் பாட்டையும் ஒரே இசையில் பொருத்திக் காட்டியவர். எனவே செவ்வியல் ஒழுங்கு தெரியாதவர்கள் நடத்திய பள்ளி என்று இதை யாரும் ஒதுக்க முடியாது.

அந்தப் பள்ளியில் ஆசிரியர்களாக வந்து போனவர்கள் பெயர்களைக் கேட்டால் ஜாஸ் தெரிந்தவர்களுக்குத் தலை சுற்றும்: டிஸி கில்லெஸ்பி, மாக்ஸ் ரோச், ஆஸ்கர் பீட்டர்சன், ரே பிரவுன், ஜிம்மி ஜியூஃப்ரி, பில் எவன்ஸ், ஜிம் ஹால், ஜார்ஜ் ரஸ்ஸல். காலையில் ஜாஸ் வரலாறும் இசையமைப்பும் பாடமாக நடக்கும். பின்னர் மாணவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவும் ஒரு மூத்த கலைஞரின் பொறுப்பில் பயிற்சி செய்யும். மூன்று வார முடிவில் எல்லாக் குழுக்களும் பொதுமக்கள் முன் கச்சேரி செய்யும். சாலையின் அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்த முறைக்கும் இதற்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு? தேர்ந்த கலைஞரோடு ஒரே வளாகத்தில் தங்கி, உண்டு, வாசித்து, திருத்தம் பெற்று, முடிவில் மேடையேறுவது என்ற ஏற்பாடு இரண்டுக்கும் பொதுவானது. மேத்தா டாங்கில்வுட்டில் நின்ற அதே 1958 கோடையில் இங்கேயும் வகுப்புகள் நடந்தன. ஆகவே ஜாஸ் பயிற்சி என்பது அண்மையில் ஒட்டவைக்கப்பட்டது என்ற கூற்று, குறைந்தது அறுபது எழுபது ஆண்டு வரலாற்றை மறந்துவிட்டுச் சொல்லப்பட்டதாகும்.

1959ஆம் ஆண்டின் அமர்வைப் பற்றி மட்டும் தனியே சொல்ல வேண்டும். அந்த ஆண்டு டெக்சாஸில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்துகொண்டிருந்த ஆர்னெட் கோல்மன் என்ற 29 வயது சாக்ஸஃபோன் கலைஞரும், அவருடைய தோழர் டான் செர்ரி என்ற 22 வயது ட்ரம்பெட் கலைஞரும் மாணவர்களாக வந்தார்கள். இருவருக்கும் பணம் கட்டியது அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனம். சிபாரிசு செய்தவர் ஜான் லூயிஸ். கோல்மன் கையில் இருந்தது வெள்ளை நிறப் பிளாஸ்டிக் சாக்ஸஃபோன். பாட்டின் சுர அடுக்குகள் எந்த வரிசையில் மாறுகின்றனவோ அந்த வரிசையிலேயே கற்பனையும் போக வேண்டும் என்ற அன்றைய நடைமுறையை அவர் கைவிட்டிருந்தார். மெட்டு எங்கே இழுக்கிறதோ அங்கே போவார். சக மாணவர்களும் ஆசிரியர்களும் இதைக் கேட்டு இரண்டுபட்டார்கள் என்பது பதிவான செய்தி. ஜியூஃப்ரி போன்ற மூத்தவர்கள் மாணவரிடமிருந்து தாங்கள் கற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். வேறு சிலருக்கு எரிச்சல் மூண்டது. ஆகஸ்ட் 29 அன்று நடந்த நிறைவுக் கச்சேரியில் கோல்மனின் சொந்தப் படைப்புகளும் வாசிக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் நகரின் ஃபைவ் ஸ்பாட் என்ற சிறு விடுதியில் அவருடைய நால்வர் குழு வாசிக்கத் தொடங்கியபோது, நகரத்து இசை உலகமே அதைப் பற்றிச் சண்டை போட்டது. அங்கே வந்து கேட்டு வியந்தவர்களில் ஒருவர், டாங்கில்வுட்டின் முதல் ஆண்டு மாணவரும் அப்போது நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் தலைமை நடத்துநருமான பெர்ன்ஸ்டைன். 2007இல் கோல்மனுக்குப் புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது.

இத்தகைய பள்ளி நான்கே கோடைகளில், 1960 அமர்வோடு நின்றுபோனது. காரணம் கற்பித்தலில் இல்லை, மாணவர்கள் வராமல் போனதும் காரணம் இல்லை; பணம் இல்லாததுதான் காரணம். டாங்கில்வுட்டின் பின்னால் சம்பளம் வாங்கும் ஒரு நிரந்தர இசைக்குழு இருந்தது, அறங்காவலர் குழு இருந்தது, கொடையாளர்கள் இருந்தார்கள், சொந்த நிலம் இருந்தது. லெனாக்ஸ் ஜாஸ் பள்ளிக்குப் பின்னால் விடுதி நடத்திய ஒரு தம்பதியரின் ஆர்வமும், அங்கங்கே கிடைத்த உதவித்தொகைகளும், கிடைத்ததை வாங்கிக்கொண்டு வந்து கற்பித்த கலைஞர்களின் நல்ல மனமும் மட்டுமே இருந்தன. ஜப்பானிலிருந்து வந்த 24 வயது சேஜி ஓசாவா டாங்கில்வுட்டில் பயின்று நடத்துநர்களுக்கான பரிசு பெற்றது அதே 1960 கோடையில்தான். பின்னாளில் அவர் பாஸ்டன் இசைக்குழுவின் இயக்குநராகி, 1994இல் அங்கே கட்டப்பட்ட அரங்குக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. சாலையின் ஒரு பக்கத்தில் மாணவராக வந்தவரின் பெயரில் அரங்கு எழுந்தது. மறுபக்கத்தில் இருந்த கட்டடங்கள் 1970களின் இறுதியோடு இசையைக் கைவிட்டு, இன்று குடியிருப்புகளாக இருக்கின்றன. ஜாஸுக்கு இந்த விழாக்களில் வலுவான மரபு இல்லை என்று தோன்றுவதற்கு மூல காரணம் இதுதான். மரபு இருந்தது, அதைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. அந்த நாளில் அமெரிக்காவில் கறுப்பினக் கலைஞர்களின் இசைக்குப் பெரும் கொடையாளர்களின் பணப்பை எளிதில் திறந்ததில்லை என்பதையும் இங்கே சேர்த்தே எண்ண வேண்டும்.

பள்ளி மூடப்பட்டாலும் அதில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. இவர்களில் நான் மிகவும் மதிப்பவர் கந்தர் ஷூலர். பள்ளிப் படிப்பையே முடிக்காமல், பதின்ம வயதிலேயே சின்சினாட்டி சிம்பொனியில் முதன்மை ஹார்ன் வாசிப்பாளராக அமர்ந்தவர். மெட்ரோபாலிட்டன் ஓபெராவின் இசைக்குழுவில் பல ஆண்டு வாசித்துக்கொண்டே ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு ஒலிப்பதிவும் செய்தவர். செவ்வியலும் ஜாஸும் சங்கமிக்கும் இசைக்கு 1957இல் மூன்றாவது ஓட்டம் என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தவர். லெனாக்ஸ் பள்ளியில் கற்பித்த அவர், 1967இல் பாஸ்டனிலுள்ள நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியின் தலைவரானார். இரண்டே ஆண்டில் அங்கே ஜாஸுக்குப் பட்டப் படிப்பு தொடங்கப்பட்டது. லெனாக்ஸில் தம் மாணவராக இருந்த ரான் பிளேக்கை அழைத்து, மூன்றாவது ஓட்டத்துக்கென்று ஒரு துறையையும் ஏற்படுத்தினார். 1970 முதல் 1984 வரை டாங்கில்வுட் இசை மையத்துக்கே அவர்தான் தலைமை வகித்தார். அதாவது, கட்டுரையாளர் செவ்வியலின் கோட்டை என்று கருதும் அந்த நிறுவனத்தைப் பதினான்கு ஆண்டு நடத்தியவர், சாலைக்கு அந்தப்புறம் ஜாஸ் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அவருடைய அறையில் இரண்டு இசைக்கும் இடையே சுவர் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னொருவர் டேவிட் பேக்கர். 1959இல் கோல்மனோடு ஒரே சமயத்தில் மாணவராக இருந்தவர். ட்ராம்போன் கலைஞர், தாடையில் ஏற்பட்ட காயத்தால் ஊதுவாத்தியத்தைத் தொடர முடியாமல் செல்லோவுக்கு மாறினார். இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஜாஸ் துறையைக் கட்டி எழுப்பியவர் அவரே. சிகாகோவுக்கு வடக்கே ஹைலண்ட் பார்க் என்ற ஊரில், 1936 முதல் சிகாகோ சிம்பொனியின் கோடை இல்லமாக விளங்கும் ரவீனியா விழா இருக்கிறது. அதன் இளையோர் பயிற்சி நிலையமான ஸ்டீன்ஸ் நிறுவனம் 1988இல் செவ்வியல் இசைக்காகத் தொடங்கப்பட்டது. 2000இல் அங்கே ஜாஸ் பிரிவு சேர்க்கப்பட்டபோது அதை வழிநடத்த வந்தவர் பேக்கர். வாசிப்பதோடு சொந்தமாக எழுதவும் வேண்டும் என்பது அந்தப் பிரிவின் பழக்கம். ஜாஸ் மூவரும் தந்திக்கருவி நால்வரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசிக்கத் தகுந்த படைப்புகளை இளம் இசையமைப்பாளர்களிடம் கேட்டு வாங்கும் போட்டி ஒன்றையும் அந்நிறுவனம் நடத்திவருகிறது. லெனாக்ஸில் ஒரு சாலை பிரித்து வைத்திருந்ததை இங்கே ஒரே நிறுவனம் தன் கூரைக்குள் வைத்துக்கொண்டது. லெனாக்ஸில் நான்கு கோடைகளில் அறுந்தது, இங்கே இருபது ஆண்டுக்கும் மேலாகத் தொடர்கிறது. பின்னால் நிற்பவர் யார் என்பது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது பாருங்கள்.

இனி, பெற்றோருக்குச் சொல்லப்பட்ட அறிவுரைக்கு வருகிறேன். எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் வயலினோ செல்லோவோ பியானோவோ கற்கும் பிள்ளைகள் ஏராளம். கோடை முகாம் என்றதும் பல வீடுகளில் முதலில் எழும் கேள்வி, கல்லூரி விண்ணப்பத்தில் எது எடுபடும் என்பதே. செவ்வியல் என்றால் கௌரவம், ஜாஸ் என்றால் பொழுதுபோக்கு என்ற எண்ணம் அங்கே ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது. கட்டுரை அதற்கு உரமிட்டுவிட்டதே என்பதுதான் என் ஆதங்கம். கச்சேரியில் பாடகர் ஒரு வரியை எடுத்து நிரவல் செய்ய, வயலின் அதைத் தொடர்ந்து வேறொரு கோணத்தில் விரிக்க, மிருதங்கம் இருவரையும் கவனித்து அடியை மாற்றிக்கொள்வதைக் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. ஜாஸ் குழுவில் சாக்ஸஃபோனும் ட்ரம்ஸும் நான்கு நான்கு தாளக் கட்டங்களாக மாறி மாறி வாசிக்கும்போது, அடுத்தவர் விட்ட இடத்திலிருந்து எடுக்கத் தெரியாத பிள்ளை அங்கே ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. இதில் கவனமும் அடக்கமும் வேண்டும், கணக்கும் வேண்டும். எழுதி வைத்ததைப் பிழையின்றி வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு, எழுதாததை அந்தக் கணத்தில் பொறுப்போடு வாசிக்கும் துணிவும் கூடினால் அதற்கு நட்டமா வரப்போகிறது? அந்தத் துணிவைக் கற்பிக்க மூன்று வாரம் ஒரு மூத்த கலைஞர் அருகில் இருப்பது, வீட்டில் மூன்று ஆண்டு வகுப்புக்குச் சமம் என்பது என் கணிப்பு. மிகைப்படுத்துகிறேன் என்று சொல்வோர் இருக்கலாம், மறுக்க மாட்டேன்.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. இந்த மலைப்பகுதி நம்மவர்களுக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. டாங்கில்வுட்டிலிருந்து சிறிது தொலைவில் பெக்கெட் என்ற ஊரிலுள்ள ஜேக்கப்ஸ் பில்லோ நாட்டிய விழாவில்தான் 1962இல் தஞ்சாவூர் பாலசரஸ்வதி அம்மையார் ஆடினார். லெனாக்ஸ் பள்ளி மூடப்பட்டு இரண்டே ஆண்டு ஆகியிருந்த நேரம். அம்மையாரின் அபிநயத்தைக் கண்ட அமெரிக்க ரசிகர்கள், பதம் ஒன்றின் ஒரே வரிக்கு இத்தனை பொருளா என்று வியந்ததைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். மனோதர்மத்தை மதிக்கக் கற்றுக்கொண்ட அந்த அவையில், நம் பிள்ளைகள் மனோதர்மத்தை இரண்டாம் தரமாக நினைத்துக்கொண்டு போய் நிற்பது எனக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது.

பெற்றோர் எந்த இசை என்று கேட்பதைவிட, கீழ்க்கண்டவற்றைக் கேட்பது பயன் தரும். கற்பிப்பவர்கள் மேடையில் தாங்களும் வாசிப்பவர்களா, அல்லது விளம்பரத் தாளில் பெயர் மட்டும் கொடுத்துவிட்டு ஒரு நாள் வந்து போகிறவர்களா? பிள்ளை ஒரு குழுவில் அமர்ந்து நாள்தோறும் ஒத்திகை செய்யுமா, அல்லது வரிசையில் நின்று தனியாக வாசித்துக் காட்டிவிட்டுத் திரும்புமா? கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை யாருக்கு? இந்தக் கடைசிக் கேள்வியில் கட்டுரை ஒரு குழப்பத்தையும் உண்டாக்கியிருக்கிறது. டாங்கில்வுட்டில் இரண்டு நிறுவனங்கள் இயங்குகின்றன. கல்லூரிப் பயிற்சியை முடித்த, அல்லது முடிக்கும் நிலையில் உள்ள தேர்ந்த இளைஞர்களுக்கானது டாங்கில்வுட் இசை மையம்; தேர்வில் இடம் கிடைத்துவிட்டால் பயிற்சிக்கும் தங்குமிடத்துக்கும் கட்டணம் இல்லை. உயர்நிலைப் பள்ளி வயதினருக்கானது 1966 முதல் பாஸ்டன் பல்கலைக்கழகம் நடத்திவரும் டாங்கில்வுட் பயிற்சி நிலையம். அதற்குக் கட்டணம் உண்டு, தேவைப்படுவோருக்கு உதவியும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கருதி, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எல்லாம் இலவசம் என்று எண்ணிக்கொண்டு விண்ணப்பிக்கும் குடும்பம் பின்னால் ஏமாற்றம் அடையும்.

பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்ப வசதியில்லாதவர்களும், அனுப்பும் எண்ணமே இல்லாதவர்களும்கூட, இந்நாட்டில் இருந்தால் ஒரு மாலை அங்கே போய்வரலாம். ஓசாவா அரங்கின் பின்சுவர் முழுவதும் கதவாகத் திறந்துவிடும். வெளியே மேட்டுப் புல்வெளியில் போர்வை விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டே உள்ளே வாசிக்கும் இளைஞர்களின் முதுகெலும்பு நிமிர்வதைப் பார்க்கலாம். புல்வெளி நுழைவுச்சீட்டு கொட்டகைக்குள் இருக்கும் நாற்காலியைவிட மிகவும் மலிவு. கொசுவிரட்டி மட்டும் மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும்.

நிறைவாக ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜாஸ் பற்றிய அந்தப் பத்திக்குத் திருத்தம் வெளியிட்டால் மகிழ்வேன். ஆனால் அதைவிட முக்கியம், இத்தகைய கட்டுரை வரும் காலம். மே மாதத்தில் பள்ளி விடுமுறையை ஒட்டி அது வெளிவந்தது. இங்கே பெரும்பாலான கோடை இசைப் பயிற்சிகளுக்கு வாசிப்பைப் பதிவுசெய்து அனுப்பி விண்ணப்பிக்கும் காலம் முந்தைய குளிர்காலத்தோடு முடிந்துவிடுகிறது. பதிவுக்குத் தயாராக ஒரு பிள்ளைக்குச் சில மாதங்களாவது வேண்டும். ஆகவே அடுத்த முறை இந்தப் பொருளைத் தங்கள் நாளிதழ் எடுத்துக்கொள்ளும்போது, தீபாவளி முடிந்த கையோடு வெளியிடுமாறும், செவ்வியல் பிரிவுக்குக் கொடுக்கும் விவரங்களான ஆசிரியர் பெயர், வயது வரம்பு, கட்டணம், உதவித்தொகை, கேட்கும் பாடல்கள் ஆகியவற்றை ஜாஸ் பிரிவுக்கும் அதே அளவில் கொடுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாசசூசெட்ஸிலிருந்து ஒரு வாசகர்